ஆர்புவாவின் திராட்சைக் குலையும் ஏழு வருட ஒயினும்

பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், ஜூரா மலை இறங்கி வந்து சமவெளியைத் தொடும் இடத்தில் ஆர்புவா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை 3,500-ஐத் தாண்டாது. குயிசான்ஸ் என்ற சின்ன ஆறு வீட்டுச் சுவர்களை உரசிக்கொண்டு ஊருக்குள்ளேயே ஓடுகிறது, சுற்றியுள்ள சரிவுகளெல்லாம் திராட்சை. பிரெஞ்சு ஒயின் என்றதும் போர்தோ, பர்கண்டி, ஷாம்பேன் என்றுதான் எல்லோரும் அடுக்குவார்கள், ஜூராவின் பெயர் யார் வாயிலும் சட்டென்று வராது. ஆனால் திருவிழாக்கள் எப்படிப் பிறக்கின்றன, எது நிலைக்கிறது, ஒரு ஊரின் மரபு என்பது உண்மையில் யாருடைய கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு இந்த ஊரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

காரணம், இங்கே இரண்டு திருவிழாக்கள் இருக்கின்றன. ஒன்று செப்டம்பரில் வரும் பியூ. பல நூற்றாண்டுப் பழக்கம், டிக்கெட் கிடையாது, ஊர்வலம் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். இன்னொன்று பிப்ரவரியில் வரும் மஞ்சள் ஒயின் திருவிழா. இதற்கு வயது சுமார் 30 வருடம்தான், டிக்கெட் உண்டு, பல்லாயிரம் பேர் வருவார்கள், ஏலம் நடக்கும். பார்த்தவுடன் முதலாவது அசல், இரண்டாவது வியாபாரம் என்று சொல்லத் தோன்றும். பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பியூ. செப்டம்பர் முதல் ஞாயிறு காலை, நாலு பேர் தோளில் ஒரு கம்பு, அந்தக் கம்பில் ஒரு ராட்சதத் திராட்சைக் குலை. எடை கிட்டத்தட்ட 100 கிலோ வரும். தூரத்தில் பார்த்தால் ஒரே கொடியில் காய்த்த ஒரே குலை போலத்தான் தெரியும். கிட்டே போனால்தான் உள்ளே மரச்சட்டம் இருப்பதும், அதன்மேல் நூற்றுக்கணக்கான கொத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக, காம்பு வெளியே தெரியாதபடி கட்டியிருப்பதும் புரியும். கருந்திராட்சை, வெள்ளைத் திராட்சை இரண்டும் கலந்திருக்கும், உச்சியில் பூக்கள். மேலே அகலமாகவும் கீழே போகப்போகக் குறுகியும், உண்மையான குலையின் வடிவம் கெடாமல் கட்டுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். ஒரு கொத்தை இறுக்கிக் கட்டினால் பழம் நசுங்கிச் சாறு வழியும், தளர விட்டால் நடக்கும்போது உதிரும். ஊர்வலம் முழுக்கக் குலை ஆடிக்கொண்டேதான் போகும் என்பதால் அந்த இறுக்கம் சரியாக அமைந்தே ஆக வேண்டும்.

முன்னால் வயலின்காரர்கள் வாசித்துக்கொண்டு போக, பின்னால் குலை, அதற்குப் பின்னால் ஊர். நேராக சேன் ஜூஸ்த் தேவாலயத்துக்குப் போய், திருப்பலியில் அதை மந்திரித்து, உள்ளேயே உயரத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள். பைபிளில் கானான் தேசத்தை வேவு பார்க்கப் போனவர்கள் எஸ்கோல் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு திராட்சைக் குலையை இரண்டு பேராகத் தடியில் கட்டித் தூக்கி வந்தார்கள் என்று ஒரு காட்சி வருமே, பார்க்கிற எவருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். ஊர்க்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். பக்கத்து ஊரான ப்யூபியான் போன்ற இடங்களிலும் சொந்தமாக ஒரு பியூ உண்டு, ஆனால் ஆர்புவாவின் குலைதான் பெரிது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இது அறுவடை முடிந்த பிறகு கொண்டாடும் விழா இல்லை, அறுவடைக்கு முன்னால் வருவது. புனித ஜூஸ்த் ஊரின் பாதுகாவலர், அவருடைய நாள் செப்டம்பர் 2. அந்த நேரத்தில் ஜூராவில் பழம் நிறம் மாறி, இனிப்பு ஏறிக்கொண்டிருக்கும், ஆனால் கொடியிலேயேதான் இருக்கும். திராட்சை விவசாயிக்கு வருடத்திலேயே மனசு அடித்துக்கொள்ளும் வாரங்கள் இவைதான். உழவு, கவாத்து, மருந்தடிப்பு என்று செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாகிவிட்டது, இனி அவன் கையில் ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் ஆலங்கட்டி மழை கொட்டினால் போதும், ஒரு வருட உழைப்பு காலி. விடாமல் ஒரு வாரம் தூறினால் குலையெல்லாம் அழுகும். கன்னியாகுமரிப் பக்கக் கோயில்களில் நிறைபுத்தரிசி என்று புதுக்கதிரைக் கொண்டுவந்து பூஜை செய்து, அதை வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடுவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே மனநிலைதான் இது. மீதி விளைச்சலும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று முதல் பலனைக் கொடுப்பது.

அதனால்தான் இந்த விழாவின் நடுவில் இருப்பது பழம், ஒயின் இல்லை. ஒயின் ஊர் திருவிழா என்றதும் குடியும் கூத்தும்தான் என்று நம்மில் பலர் நினைப்போம். பியூவில் குடிப்பதற்கு எதுவும் இன்னும் தயாராகவே இல்லை. கொடியிலிருந்து வந்தது அப்படியே ஆலயத்துக்குப் போகிறது.

அந்தக் குலைக்கான கொத்துகள் எங்கிருந்து வருகின்றன? ஊரின் திராட்சை விவசாயிகள் தங்கள் தங்கள் தோட்டத்திலிருந்து கொடுப்பது. ஒரு பெரிய நிறுவனம் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொண்டு செய்தால் இன்னும் பெரிதாக, இன்னும் அழகாகச் செய்யலாம், ஆனால் அப்போது அது பியூவாக இருக்காது. பத்து ஹெக்டேர் வைத்திருப்பவரின் கொத்துக்குப் பக்கத்தில் அரை ஹெக்டேர்காரரின் கொத்து தொங்கும், யாருடையது எது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த விழாவை உயிரோடு வைத்திருப்பது இந்தக் கொடுத்தல்தான் என்று நான் நினைக்கிறேன். வேடிக்கை பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர்கூட வராவிட்டாலும் பியூ நடக்கும்.

ஆர்புவாவை பக்தி மிகுந்த, அமைதியான ஊர் என்று இதை வைத்து முடிவு கட்டினால் தவறாகிவிடும். இது கலகக்கார ஊர். 1834 ஏப்ரலில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அந்தச் செய்தி காதில் விழுந்ததும் ஆர்புவாக்காரர்கள் இங்கே குடியரசை அறிவித்துவிட்டார்கள். பிரான்ஸில் அப்போது மன்னராட்சி. படை வந்து, கலகத்துக்குத் தலைவர்கள் யார் என்று கேட்டபோது, 'நாங்கள் எல்லோருமே தலைவர்கள்தான்' என்று உள்ளூர் வழக்கில் ஊர் மொத்தமும் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. இன்றைக்கும் ஊர்க்காரர்கள் அந்த வாக்கியத்தைப் பெருமையோடு சொல்வார்கள். இப்படிப்பட்ட குடியரசு மனசுள்ள ஊரில் ஒரு தேவாலய ஊர்வலம் பிழைத்து நின்றிருக்கிறது என்றால், அது பாதிரியாருடைய விழாவாக மட்டும் இருந்திருக்க வாய்ப்பில்லை. குலையைச் சுமப்பது விவசாயி, கட்டுவது விவசாயி, கொடுப்பதும் விவசாயி. ஆலயம் அதைப் பெற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

19-ஆம் நூற்றாண்டில் ஜூராவில் சுமார் 20,000 ஹெக்டேர் திராட்சை இருந்தது. இன்று சுமார் 2,000. அதாவது பத்தில் ஒன்று. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்து, 1880-களில் இந்தப் பகுதியையும் பிடித்தது. அந்தப் பூச்சி தாக்காத அமெரிக்க வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் தீர்வு, ஆனால் அதற்குத் தோட்டம் முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அதே காலத்தில் ரயில் வந்து, தெற்கிலிருந்து மலிவான ஒயின் பீப்பாய் பீப்பாயாக இறங்கியது. பிறகு முதல் உலகப் போர், தொழிற்சாலை வேலை. செங்குத்தான சரிவில் கஷ்டப்பட்டு விளைவிக்க ஆள் இல்லை, விளைவித்தாலும் விலை இல்லை.

இதற்கு ஊர் கொடுத்த பதில்கள் இரண்டும் எனக்குப் பிடித்தவை. 1906-இல் சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஒயின் சங்கத்தை ஆரம்பித்தார்கள், பிரான்ஸின் ஆரம்பகாலக் கூட்டுறவுகளில் அது ஒன்று, இன்றும் இயங்குகிறது. ஜூராவில் சீஸ் செய்வதற்குப் பல வீட்டுப் பாலை ஒரே இடத்தில் கொட்டும் வழக்கம் பல நூற்றாண்டாக இருக்கிறது, ஒரு பெரிய கோந்தே சீஸ் வட்டுக்கு சுமார் 400 லிட்டர் பால் வேண்டும், எந்தத் தனிக் குடியானவரிடமும் அவ்வளவு மாடு இருந்ததில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே திராட்சைக்குக் கொண்டுவந்தார்கள், பெயர்கூட அதே பெயர்தான் வைத்தார்கள். இரண்டாவது பதில் சட்டம். வேறெங்கோ விளைந்த ஒயினுக்கு ஆர்புவா என்று பெயர் ஒட்டி விற்பதைத் தடுக்க வேண்டும் என்று ஊர் விடாமல் குரல் கொடுத்தது. 1936 மே 15-இல் பிரான்ஸ் தன் முதல் தொகுதி ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புகளை அறிவித்தபோது அந்தச் சில பெயர்களில் ஆர்புவாவும் இருந்தது. இன்று நாம் புவிசார் குறியீடு என்று சொல்கிறோமே, அதற்கு முன்னோடி இந்த ஏற்பாடுதான்.

இங்கே நம்மோடு ஒரு தொடர்பு உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை 1832-இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்லப்படுகிறது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வருடம் முழுக்கக் காய்க்கும். கவாத்து செய்யும் நாளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிவைத்தால் எந்த மாதத்திலும் பழம் பறிக்கலாம். அதுதான் அதன் பெருமை. ஜூராவில் அப்படி முடியாது, குளிர்காலம் முழுக்கக் கொடி வெறும் கட்டையாக நிற்கும், வருடத்துக்கு ஒரே ஒரு அறுவடை. ஊர் மொத்தமும் ஒரே வாரத்தில் ஒரே பயத்தில் இருப்பதால்தான் அங்கே ஊருக்கென்று ஒரே ஒரு குலை என்ற யோசனை வந்தது.

அப்புறம் லூயி பாஸ்டர். பிறந்தது 1822-இல் டோல் என்ற பக்கத்து நகரத்தில் என்றாலும் வளர்ந்தது ஆர்புவாவில், அப்பா தோல் பதனிடுபவர், வீடு குயிசான்ஸ் ஆற்றங்கரையில். பாரிஸில் பெரிய ஆளான பிறகும் விடுமுறைக்கு இந்த வீட்டுக்குத்தான் வந்தார். 1863-இல் ஒயின் ஏன் கெட்டுப்போகிறது என்று ஆராயச் சொல்லி மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டார். பாஸ்டர் நேராக ஊருக்கு வந்து, ஒரு பழைய காபிக்கடையை வாடகைக்கு எடுத்து ஆய்வுக்கூடம் ஆக்கினார். கருவிகளில் பலவற்றை உள்ளூர்த் தச்சரும் தகரவேலைக்காரரும் செய்து கொடுத்தார்கள். பள்ளிக்கால நண்பர்களின் நிலவறைகளிலிருந்து கெட்டுப்போன ஒயினை வாங்கி வந்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு கெடுதலுக்கும் ஒவ்வொரு நுண்ணுயிர் தெரிந்தது. கொஞ்ச நேரம் சூடாக்கினால் அது செத்துவிடும் என்பதும் தெரிந்தது. நம் ஊர் பால் பாக்கெட்டில் 'பாஸ்சரைஸ்டு' என்று போட்டிருக்கிறதே, அது பாலில் தொடங்கியது இல்லை, இந்த ஊரின் ஒயினில் தொடங்கியது.

1874-இல் ஆர்புவாவுக்கு வெளியே ரோசியேர் என்ற இடத்தில் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தை வாங்கினார். 1878-இல் அங்கே அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சாறு தானாகவே புளிக்கிறதா, வெளியிலிருந்து வந்து ஒட்டும் ஈஸ்ட்தான் புளிக்க வைக்கிறதா என்று அப்போது பெரிய சண்டை. பாஸ்டர் பழம் முற்றுவதற்கு முன்பே கொடிகளைச் சுற்றிக் கண்ணாடிக் கூடாரம் கட்டிவிட்டார், சில குலைகளைப் பஞ்சால் சுற்றியும் வைத்தார். அறுவடைக் காலத்தில் வெளியே இருந்த பழத்தைப் பிழிந்தால் வழக்கம்போலப் புளித்தது, கூடாரத்துக்குள் இருந்தது புளிக்கவில்லை. அவ்வளவுதான், சண்டை முடிந்தது. அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது, ஆற்றங்கரை வீடும் அவருடைய ஆய்வு அறையோடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

நுண்ணுயிர் என்றால் கெடுதல் என்று உலகத்துக்குச் சொன்ன அதே ஊரில்தான், ஒரு நுண்ணுயிரை நம்பியே ஒரு ஒயின் இருக்கிறது. அதுதான் மஞ்சள் ஒயின், பிரெஞ்சில் வேன் ஜோன். சவான்யான் என்ற ஒரே வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்ய வேண்டும். மற்ற ஊர்களில் ஒயின் பீப்பாயில் இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறையும், அதை அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்பதற்காக. இங்கே நிரப்ப மாட்டார்கள். மேலே காலியிடம் வரும், அந்தக் காற்றில் ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு மெல்லிய படலமாகப் படரும், சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், சுருக்கம் சுருக்கமாக. அந்தப் படலம் காற்றுக்கும் ஒயினுக்கும் நடுவில் நின்று வேகமாகப் புளித்துவிடாமல் காக்கும், அதே சமயம் சுவையையும் மெதுவாக மாற்றும். வெயிலும் குளிரும் மாறிமாறித் தெரிகிற மாதிரியான அறையில்தான் வைப்பார்கள், ஏனென்றால் படலம் கோடையில் வளர்ந்து குளிரில் ஓய்வெடுக்கும். குறைந்தது 60 மாதம் இப்படிப் படலத்துக்கு அடியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அறுவடை நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் 6 வருடம் 3 மாதம் கழித்துத்தான் பாட்டில் வெளியே வரும். எல்லாப் பீப்பாயும் தேறாது. படலம் கிழிந்தோ பிடிக்காமலோ போனால், ஐந்து வருடம் காத்திருந்தது வினிகராகிவிடும், அதை ஒதுக்க வேண்டியதுதான்.

வாசனை? அக்ரூட் (வால்நட்), ஆப்பிள், காளான் என்று சொல்வார்கள். தமிழ்ச் சமையலறையில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று உடனே பிடிபடும்: வெந்தயம். இது வெறும் கற்பனை இல்லை, வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தருகிற சோட்டோலோன் என்ற வேதிப்பொருள்தான் மஞ்சள் ஒயினிலும் இருக்கிறது, அந்த ஒயினின் அடையாள மணமே அதுதான்.

ஒரு லிட்டர் ஒயின் இத்தனை வருடம் கழித்து சுமார் 62 சென்டிலிட்டர்தான் மிஞ்சும் என்பது கணக்கு. அதனால் இதற்கென்றே கிளாவ்லான் என்று தோள் சதுரமான, குட்டையான ஒரு பாட்டில், கொள்ளளவு சரியாக 62 சென்டிலிட்டர். ஐரோப்பா முழுக்க பாட்டில் அளவுகளை ஒரே மாதிரி ஆக்கியபோது இந்த அளவு பட்டியலில் பொருந்தவில்லை, சண்டை போட்டு விலக்கு வாங்கினார்கள். ஊரின் குணம் மாறவில்லை பாருங்கள்.

இவ்வளவு நீண்ட காலம் தாங்கும் ஒயின் வேறு அதிகம் இல்லை. ஆர்புவாவின் வெர்செல் என்பவர் 1774 அறுவடையில் செய்த மஞ்சள் ஒயின் சில பாட்டில்கள் அந்தக் குடும்பத்தின் நிலவறையில் தலைமுறை தலைமுறையாக இருந்தன. 1774 என்றால் பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்த வருடம். 1994-இல் ஒரு பாட்டிலைத் திறந்து 24 நிபுணர்கள் சுவைத்தார்கள், பத்துக்கு 9.4 மதிப்பெண் கொடுத்தார்கள். 2018 மே மாதம் பக்கத்தில் உள்ள லோன் லெ சோனியே நகரத்தில் மூன்று பாட்டில்கள் ஏலத்துக்கு வந்தன, அதில் ஒன்று 1,03,700 யூரோவுக்குப் போனது.

இந்த ஒயினுக்காகத்தான் பிப்ரவரித் திருவிழா. பெயர் பெர்சே, பீப்பாயைத் துளைத்துத் திறப்பது. 1997-இல் ஆரம்பித்தார்கள், முதல் வருடம் பொலின்யி என்ற ஊரில். ஜனவரியில் சட்டப்படி வெளிவரும் ஒயினின் முதல் பீப்பாயை பிப்ரவரி முதல் வார இறுதியில் ஊர்வலமாகக் கொண்டுவந்து, மந்திரித்து, எல்லோர் முன்னாலும் திறப்பார்கள். வருடத்துக்கு ஒரு ஊர் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆர்புவாவுக்கும் முறை வரும். டிக்கெட் வாங்கினால் ஒரு கண்ணாடிக் குவளையும் சுவைத்துப் பார்க்கச் சில சீட்டுகளும் தருவார்கள், அதை வைத்துக்கொண்டு நிலவறை நிலவறையாகப் போகலாம். பழைய பாட்டில்களுக்கு ஏலமும் உண்டு.

இது விற்பனைக்காக உண்டாக்கிய விழா, அதில் மறைக்க ஒன்றும் இல்லை. குளிர்காலத்தின் நடுவில், சுற்றுலாப் பயணி ஒருவர்கூட எட்டிப் பார்க்காத மாதத்தில், சிறுகச் சிறுக விற்கிற ஒரு வினோத ஒயினை நாட்டுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்பதுதான் நோக்கம். அதற்கு முன்பே, 1950-களில், ஆன்ரி மேர் என்ற ஆர்புவா வியாபாரி 'பைத்தியக்கார ஒயின்' என்று பெயர் வைத்து பிரான்ஸ் முழுக்கச் சாலையோர விளம்பரம் வைத்தவர். ஜூரா என்ற பெயரே மறந்துபோகும் நிலையில் இருந்தபோது அதை மக்கள் கண்ணில் பட வைத்தவர் அவர். பெர்சே அந்த வழியில் வந்ததுதான். இன்று ஜூரா ஒயினுக்கு பாரிஸிலும் நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் ஆள் காத்திருக்கிறார்கள் என்றால், அதில் இந்த விழாவுக்கும் பங்கு உண்டு. ப்யூபியானில் கந்தகம் சேர்க்காமல் ஒயின் செய்துகாட்டிய பியேர் ஓவர்னுவா போன்றவர்களுக்கு இன்னும் பெரிய பங்கு.

குறை என்னவென்றால், சில நூறு பேர் வசிக்கும் கிராமத்துக்கு இரண்டு நாளில் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். குடித்துத் தடுமாறுகிறவர்கள், வண்டி நிறுத்த இடமில்லாமல் வயலில் இறக்குகிறவர்கள், ஒரு வாய் ருசித்துவிட்டு அடுத்த நிலவறைக்கு ஓடுகிறவர்கள். ஏழு வருடம் நிதானமாக ஆன ஒரு பொருளை இப்படி அவசர அவசரமாகக் குடிப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் வெறும் வியாபாரம் என்று நான் ஒதுக்காததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நிலவறைகள் யாருடையவை? கிராமத்துக்காரர்களுடையவை. பெர்சே வரும் வருடத்தில் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு நிலவறையையும் கொட்டகையையும் காலி செய்து, அலங்கரித்து, வெளியூர் விவசாயிகள் கடை போடக் கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் வேலை, பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். பியூவில் ஒரு கொத்து கொடுப்பது போல இதில் ஒரு அறை கொடுக்கிறார்கள். அந்தக் கொடுத்தல் நின்று, எல்லாம் வாடகைப் பந்தலுக்கும் ஒப்பந்தக்காரருக்கும் போய்விட்டால் அப்போது இது வெறும் சந்தைதான். ஊர் மாறி ஊர் போகும் ஏற்பாட்டை அவர்கள் இன்னும் கைவிடாமல் இருப்பது நல்லது, ஒரே இடத்தில் நிரந்தரமாக வைத்தால் நிர்வாகம் சுலபம், ஆனால் ஒரு ஊர் வருடா வருடம் இந்தச் சுமையைத் தாங்காது, சீக்கிரமே கொடுக்கிற மனசு வற்றிவிடும்.

போய்ப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை: ஒரு தடவைதான் போக முடியும் என்றால் செப்டம்பரில் போங்கள். பெசான்சோனிலிருந்து ஆர்புவாவுக்கு உள்ளூர் ரயில் இருக்கிறது. ஞாயிறு காலை ஊர்வலம் கிளம்புவதற்கு முன்பே போய்விட்டால் குலையைப் பக்கத்தில் பார்க்கலாம். மதியம் பாஸ்டர் வீடு, அப்புறம் ஷாத்தோ பெக்கோவில் இருக்கும் திராட்சை அருங்காட்சியகம். மஞ்சள் ஒயின் ருசிக்க வேண்டும் என்றால் வருடத்தின் எந்த நாளிலும் ஊருக்குள் எங்கேயும் கிடைக்கும், கோந்தே சீஸ் ஒரு துண்டோடு.

கடைசியாக வானிலை. செப்டம்பர் முதல் ஞாயிறு அறுவடைக்கு முன்னால் வரும் என்று மேலே எழுதினேன், அது இனி எப்போதும் உண்மையாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. 2003, 2022 போன்ற வெப்பமான வருடங்களில் ஆகஸ்டிலேயே கத்தரிக்கோலை எடுக்க வேண்டியிருந்தது. குளிர்காலம் சீக்கிரம் விலகுவதால் துளிரும் முன்னதாகவே வருகிறது, பிறகு ஏப்ரலில் ஒரு இரவு உறைபனி இறங்கினால் அந்தத் துளிர் கருகிவிடுகிறது. 2021 ஏப்ரலில் அப்படித்தான் ஜூரா தன் விளைச்சலின் பெரும்பகுதியை இழந்தது, 2024 ஏப்ரலில் மறுபடியும். அந்த இழப்பு செப்டம்பரில், கொத்து கேட்டு வரும்போதே ஒவ்வொரு தோட்டத்திலும் தெரிந்துவிடும். பிப்ரவரித் திருவிழாவுக்குத் தெரியக் காலம் ஆகும். 2021 அறுவடையின் மஞ்சள் ஒயின் சட்டப்படி 2028 ஜனவரியில்தான் வெளியே வர முடியும், அந்த பிப்ரவரியில் திறக்கப் பீப்பாய்கள் கொஞ்சம்தான் இருக்கும். 2024-க்கானது 2031-இல் வரும். அந்த இரண்டு பெர்சேகளையும் எந்தக் கிராமங்கள் நடத்தப் போகின்றனவோ, அவை இப்போதே அந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.